கல் வைத்த கூரை ஏன் பறக்கிறது?

சென்ற ஏப்ரலில் ஒருநாள், தோட்டத்திலிருந்து வரும் என் வகுப்புத் தோழி நனைந்த கொப்பிகளை அடுப்படியில் உலர்த்தி எடுத்து வந்தாள். முதல்நாள் இடிமழையில் அவர்கள் லயத்துத் தகரங்கள் பறந்துவிட்டன. “கல்லு வச்சிருந்தமே, அப்புறம் எப்படிடீ பறந்துச்சு?” என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கான விடையே இக்கட்டுரை.

சுமார் 1,400 மீற்றர் உயரத்தில் மலைமுகட்டில் இருக்கும் அப்புத்தளைக்குக் காற்று புதியதல்ல. தென்மேல் பருவக்காற்று வரும் காலமும் திசையும் நமக்குத் தெரியும். ஆனால் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையோடு வரும் காற்று வேறு. சில நிமிடங்களே வீசும். ஒரு லயம் சேதமாகும், அடுத்த லயம் தப்பிவிடும்.

இதை “மினி சூறாவளி” என்கிறோம். ஆனால் எப்போதும் அது சுழல்காற்றல்ல. இடிமுகிலில் மழைத்துளிகள் ஆவியாகும்போது வளி குளிர்ந்து பாரமாகிறது. அது மழையோடு வேகமாக இறங்கி, நிலத்தில் மோதி, குழாய்நீர் தரையில் சிதறுவதுபோல நாலாபுறமும் பரவுகிறது. 1975இல் நியூயோர்க்கில் நடந்த விமான விபத்தை ஆராய்ந்த பேராசிரியர் டெட்சுயா ஃபுஜிடாவே இத்தகைய காற்றை உலகுக்கு விளக்கினார். ஒரு மையத்திலிருந்து வெளிநோக்கி மரங்கள் சாய்ந்து கிடப்பது அதன் அடையாளம்.

இனிக் கூரைக்கு வருவோம். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அமுக்கம் நான்கு மடங்காகும். மணிக்கு 72 கிலோமீற்றர் வேகக் காற்று, ஒரு சதுர மீற்றரில் ஏறத்தாழ 20 கிலோ பாரத்துக்குச் சமமான விசையைத் தரும். கூரைக்கு மேலே விரைந்தோடும் காற்றால் அங்கே அமுக்கம் குறைகிறது. திறந்த கதவால் நுழையும் காற்று உள்ளே அமுக்கத்தைக் கூட்டுகிறது. ஆகவே தகரம் கீழிருந்து மேலே தூக்கப்படுகிறது. இரண்டு சதுர மீற்றர் தகரத்தைத் தூக்கும் விசை 40 கிலோவை எட்டலாம். ஓரிரு கற்கள் அதற்கு ஈடாகா. விழுந்தால் ஆளையும் காயப்படுத்தும்.

தகரம் மரச்சட்டத்தோடும், சட்டம் சுவரோடும் இறுகப் பிணைந்திருக்க வேண்டும். துருப்பிடித்த ஆணிகளை மழைக்கு முன்பே மாற்றுவோம். காற்று வரும் பக்கக் கதவைச் சாத்துவோம். தகரத்தைப் பிடிக்க எவரும் கூரையேறக் கூடாது. ஆபத்தென்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழைக்கலாம்.

தோழியரே, கூரையின் பலம் அதன் பாரத்தில் அல்ல, பிணைப்பில் இருக்கிறது. அடுத்த இடிமழைக்கு முன் உங்கள் வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.