விரிவாக்க அட்டைகளும் பழைய பாட்டைகளும்

கணினிக்குப் புதிய வசதியொன்றைச் சேர்ப்பதற்காகத் தாய்ப்பலகையிற் பொருத்தப்படும் சுற்றுப் பலகை விரிவாக்க அட்டை எனப்படும். ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை, வரைவியல் அட்டை என்பன உதாரணங்களாகும்.

மாணவர்களே, இரு சொற்களை வேறுபடுத்தி அறிக. அட்டை பொருந்தும் இடம் செருகுவாய். தரவுகள் சென்றுவரும் வழி பாட்டை, அதாவது பஸ். ஓர் அட்டை தனக்குரிய பாட்டையில் மாத்திரமே இயங்கும்.

1. ஐ.எஸ்.ஏ. பாட்டை
1981 இல் ஐ.பி.எம். கணினியில் 8 பிற்று அகலத்துடன் வந்தது. 1984 இல் 16 பிற்று ஆகியது. வேகம் ஏறத்தாழ 8 மெகாஹேட்ஸ். ஆரம்பகால அட்டைகளில் ஐ.ஆர்.கியூ. எனும் குறுக்கீட்டு எண்ணை ஜம்பர் மூலம் நாமே அமைக்கவேண்டும். இரண்டு அட்டைகளுக்கு ஒரே எண் அமைந்தால் முரண்பாடு ஏற்பட்டு, அவை சரியாக இயங்கமாட்டா.

2. பி.சி.ஐ. பாட்டை
1992 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்டது. 32 பிற்று, 33.3 மெகாஹேட்ஸ். 32 பிற்று என்பது 4 பைற்று. எனவே உச்ச வேகம் 4 × 33.3 = செக்கனுக்கு ஏறத்தாழ 133 மெகாபைற்று. குறுக்கீட்டு எண்ணைக் கணினியே ஒதுக்கும்.

3. ஏ.ஜி.பி.
1997 முதல் கணினிகளில் இடம்பெற்றது. வரைவியல் அட்டைக்கு மாத்திரம் உரியது.

4. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ்
2004 முதல் கணினிகளில் இடம்பெற்றது. பி.சி.ஐ. என்பது எல்லா வாகனங்களும் பகிர்ந்து செல்லும் பருத்தித்துறை வீதி போன்றது. இதிலோ ஒவ்வோர் அட்டைக்கும் தனி ஒழுங்கை உண்டு. முதற் பதிப்பில் ஓர் ஒழுங்கையில் ஒவ்வொரு திசையிலும் செக்கனுக்கு 250 மெகாபைற்று செல்லும். இந்தியாவின் வடோதராவிற் கற்ற பொறியியலாளர் அஜய் பட் இதன் உருவாக்கத்தில் முக்கிய பங்காற்றினார்.

மாதிரி வினா
ஆய்வுகூடமொன்றில் அளவீட்டுக் கருவியை இயக்கும் ஐ.எஸ்.ஏ. அட்டை பழைய கணினியில் உள்ளது. தாய்ப்பலகை பழுதடைந்துவிட்டது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் செருகுவாய்கள் மாத்திரம் உள்ள புதிய கணினியில் அவ்வட்டையைப் பொருத்தலாமா?

விடை
பொருத்த முடியாது. செருகுவாயின் வடிவமும் சமிக்ஞைகளும் வேறானவை. ஐ.எஸ்.ஏ. செருகுவாய் உள்ள தாய்ப்பலகையைத் தேடவேண்டும். அல்லது கருவிக்குப் பொருத்தமான புதிய அட்டையைப் பெறவேண்டும். கணினி மலிவாகக் கிடைத்தாலும், அட்டை பொருந்தாவிடின் நல்ல கருவியும் பயனற்றுவிடும்.

நினைவிற் கொள்க: அட்டையைப் பொருத்துமுன் மின்னிணைப்பைத் துண்டிக்குக. செருகுவாயின் வகையைப் பார்க்குக. பொருந்தாத அட்டையை ஒருபோதும் அழுத்திச் செருகாதீர்கள்.