சுட்டெலியின்றி ஒரு கடிதம்

கணிப்பொறியில் கடிதம் எழுதச் சுட்டெலி இன்றியமையாதது என்று எண்ணுகிறோம். விசைப்பலகை ஒன்றே போதும். விண்டோஸில் இயங்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டை எடுத்துக்கொள்வோம்.

தலைப்பு வரியில் நின்று, ஆல்ட் விசையை அழுத்தி விடுவோம். மேலேயுள்ள ஒவ்வொரு பிரிவின் மீதும் ஓர் ஆங்கில எழுத்துத் தோன்றும். 'ஹோம்' பிரிவுக்கு எச். அதை அழுத்தினால் உள்ளிருக்கும் கட்டளைகளுக்கும் எழுத்துகள் தோன்றும். பின்னர் ஏ, சி என அழுத்த, வரி நடுவில் வந்து நிற்கும். விசைகளை ஒன்றன்பின் ஒன்றாகவே அழுத்த வேண்டும், ஒருசேர அன்று. வழி தவறினால் எஸ்கேப் விசை ஒரு படி பின்னே கொண்டுவரும். எழுத்து நினைவில்லையேல் அம்புக்குறி விசைகளால் நகர்ந்து என்டரை அழுத்தலாம்.

இம்முறை 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்தது. அதற்குமுன் பட்டிகளில் அடிக்கோடிட்ட எழுத்துகளே வழிகாட்டின.

இது வேகத்திற்காக மட்டுமன்று. பார்வையற்றோர்க்குச் சுட்டெலியின் அம்பு எங்கே நிற்கிறதெனத் தெரியாது. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்னும் இலவச மென்பொருள், விசையால் சென்றடையும் கட்டளையை வாய்விட்டுப் படிக்கிறது. விசைகளே அவர்களுக்குப் பாதை.

நாமும் அப்பாதையைப் பழகுவோம். பார்வையற்ற தோழி ஒருத்தி நம் வகுப்பில் வந்து அமரும் நாளில், அவளுடன் சேர்ந்து பயில நம்மால் இயலும்.