உளுந்து விதைக்கிறீங்களா? இடைவெளியையும் அளந்து பாருங்க

விதையைக் கொஞ்சம் தாராளமா போட்டால் மகசூல் கூடும் என்று நினைக்கிறீங்களா? உளுந்தில் அந்தக் கணக்கு பலிக்காது. விதைச் செலவு கூடும், காய் குறையும்.

தென்காசி மாவட்டத்திலேயே இதைப் புரிஞ்சுக்கலாம். குற்றாலச் சாரல் விழும் பக்கம், நெருக்கமான பயிரில் இலை ஈரம் சீக்கிரம் காயாது. நோய் எளிதாகப் பரவும். மானாவாரியாக விதைக்கும் சங்கரன்கோவில் பக்கம், கிடைக்கிற கொஞ்ச ஈரத்துக்கு எல்லாச் செடியும் போட்டி போடும். ரொம்ப இடம் விட்டாலும் களைதான் மண்டும். செடி எண்ணிக்கையும் குறையும்.

சரியான இடைவெளி எவ்வளவு?

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. தனிப்பயிருக்கு ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். விதைத்த 15-ஆம் நாள், வரிசையில் ஒரு மீட்டர் அளந்து செடிகளை எண்ணுங்க. 10 இருந்தால் சரி. 20 இருந்தால் மெலிந்த செடிகளைக் கலைச்சுவிடுங்க. (நெல் தரிசில் தெளிக்கும் உளுந்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.)

இயற்கை உரம்

- கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழு உரம் போடுங்க. மண் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்.
- ஏக்கர் விதைக்கு ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா தலா 200 கிராம் பாக்கெட் ஒன்று. ஆறிய வடிகஞ்சியில் கலந்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி விதையுங்க.
- பூஞ்சாணக்கொல்லி நேர்த்தி செய்தால், அதை முதலில் செய்துவிட்டு 24 மணி நேரம் கழித்து இதைச் செய்யணும்.

ரைசோபியம் வேர் முடிச்சில் தங்கி, காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடிக்குத் தரும். பூக்கும் சமயம் ஒரு செடியை மண்ணோடு தோண்டி, முடிச்சைக் கீறிப் பாருங்க. உள்ளே இளஞ்சிவப்பா இருந்தால் வேலை நடக்குது என்று அர்த்தம். யூரியாவை அள்ளிப் போட்டால் முடிச்சு குறைஞ்சு, இலைதான் செழிக்கும்.

தொழு உரம் போட்டாச்சே என்று மண் பரிசோதனையை விட்டுடாதீங்க. மணிச்சத்து குறைவா என்று அதில்தான் தெரியும்.

போனிலேயே பார்க்கலாம்

2018-இல் அரசு தொடங்கிய உழவன் செயலியில் விதை இருப்பு, உர இருப்பு, உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலர் வரும் நாள் எல்லாம் பார்க்கலாம். சந்தேகம் இருந்தால் 1800 180 1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேளுங்க. விதை வாங்கப் போகும் முன்பே கேட்டுட்டா, பணமும் மிச்சம்.