புலியின் வாலுக்கு இடம் கிடையாது

ஐயா, விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டு ஆடு புலி ஆட்டம் சொல்லிக்கொடுத்தேன். திண்ணையில் கரிக்கோடு போட்டு, ஆட்டுக்குப் புளியங்கொட்டையும் புலிக்குக் கருங்கல் சில்லும் வைத்து ஆடியவரை ஒரு வம்பும் இல்லை. மருமகன் சென்னையிலிருந்து மரத்தில் செதுக்கிய செட் ஒன்று வாங்கிவந்தார். அன்று தொடங்கியது சண்டை. புலி காலை நீட்டிப் படுத்திருக்கிறது. உடம்பை ஒரு முனையில் வைத்தால் வால் போய் அடுத்த முனையில் கிடக்கிறது. அந்த முனையில் ஆட்டை வைக்கலாமா, கூடாதா? "வாலும் புலிதானே" என்கிறார் என் வீட்டுக்காரர். புலி இரண்டு முனையைப் பிடிக்கும் என்கிறான் பெரிய பேரன். பெட்டியில் இருந்த தாளில் "புலி தன் அருகிலுள்ள ஆட்டைத் தாண்டி வெட்டலாம்" என்று மட்டும் போட்டிருக்கிறது. தீர்ப்புச் சொல்லுங்கள்.
(ஒரு வாசகி, அவலூர்பேட்டை)

அம்மா, உங்கள் வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: காட்டில் வாலும் புலிதான், கட்டத்தில் இல்லை. ஒரு காய்க்கு ஒரு முனை, அவ்வளவுதான். புலியின் வயிறு எந்த முனையில் இருக்கிறதோ அதுவே அதன் இடம். வால் கிடக்கும் முனை காலி. அங்கே ஆட்டை இறக்கலாம், இன்னொரு புலியையும் நகர்த்தலாம். வால் இடித்தால் புலியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள். அப்படித் திருப்புவது நகர்த்தல் ஆகாது.

இதற்கு ஆதாரம் அந்தத் தாளில் இல்லை, உங்கள் கருங்கல் சில்லில் இருக்கிறது. சில்லுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆட்டம் அதை வைத்துத்தான் உருவானது, சிற்பம் பிறகு வந்த அலங்காரம். என் அத்தை மூன்று புலிக்கும் மூன்று உடைந்த வளையல் துண்டு வைப்பாள். வளைந்த துண்டு இரண்டு கோட்டைத் தொட்டுக்கொண்டு கிடக்கும். "இது எங்கே நிக்குது?" என்று யாராவது கேட்டால், துண்டின் நடுவில் விரலை வைத்துக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்வாள்.

பேரன் சொல்வதும் முழுக்கத் தப்பில்லை. மேல்நாட்டுப் போர் விளையாட்டுகள் சிலவற்றில் டிராகன் மாதிரியான பெரிய உருவம் இரண்டு கட்டங்களை அடைத்துக்கொண்டு நிற்கும். ஆனால் அங்கே விதிப் புத்தகமே அப்படிச் சொல்லியிருக்கும். அந்த விளையாட்டுகளிலும் பெரும்பாலும் தூரத்தை அளப்பது காய் நிற்கும் அடித்தட்டிலிருந்துதான். நீட்டிய ஈட்டியும் விரித்த சிறகும் கணக்கில் சேராது. உருவமே விதியாக இருக்கும் ஆட்டமும் ஒன்று உண்டு. ஜப்பானியரின் ஷோகியில் இரு தரப்புக் காய்களும் ஒரே நிறம். எந்தக் காய் யாருடையது என்பதை அதன் கூர்முனை பார்க்கும் திசைதான் சொல்லும். பிடிபட்ட காயைத் திருப்பி வைத்தால் அது பிடித்தவருடைய படையில் சேர்ந்துவிடும். உங்கள் மரப்புலி எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, அது புலிதான்.

உங்கள் இரண்டாவது சந்தேகம்: "அருகில்" என்றால் எது வரைக்கும்? மூலையில் நிற்கும் ஆட்டைப் புலி வளைந்து தாண்டலாமா? உச்சியில் நிற்கும் ஆட்டை ஒரு பக்கச் சரிவிலிருந்து மறுபக்கச் சரிவுக்குத் தாண்டலாமா? பேரன் தாண்டிவிட்டான், பேத்தி அழுதுவிட்டாள்.

பேத்தி அழுததில் நியாயம் இருக்கிறது.

கட்டத்தை ஒருமுறை மனசில் போட்டுக்கொள்வோம். உச்சியில் ஒரு முனை. அங்கிருந்து கீழே இறங்கும் நான்கு கோடுகள். அவற்றை வெட்டிக்கொண்டு மூன்று குறுக்குக் கோடுகள். ஒவ்வொன்றும் முக்கோணத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் நீண்டு, ஓரங்களில் செங்குத்துக் கோட்டால் ஒரு செவ்வகமாக இணைந்திருக்கும். ஆக, ஒரு வரிசைக்கு 6 முனை. எல்லாவற்றுக்கும் கீழே அடிக்கோட்டில் 4 முனை. கூட்டினால் 1, 18, 4 என்று 23 முனை. இதில் 3 புலி, 15 ஆடு.

"அருகில்" என்ற சொல்தான் உங்கள் வீட்டுச் சண்டைக்கு மூலகாரணம். அந்தத் தாளை எழுதியவர் "கோட்டால் இணைந்த அடுத்த முனை" என்று எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கடிதமே வந்திருக்காது. மூன்றாம் குறுக்குக் கோட்டின் இடது ஓர முனையில் விரலை வையுங்கள். அதற்குக் கீழே, கைக்கெட்டும் தூரத்தில், அடிக்கோட்டின் இடது மூலை. கண்ணுக்கு இரண்டும் பக்கத்து வீடு. நடுவில் கோடு இருக்கிறதா? இல்லை. புலி அங்கேயிருந்து இங்கே வர முடியாது, ஆடும் போக முடியாது. ஆனால் உச்சிக்கும் முதல் வரிசையின் நடு முனைகளுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விட்டு வரைந்திருந்தாலும் கோடு இருக்கிறது, ஆகவே அவை அடுத்தடுத்த முனைகள்.

தாண்டுவதற்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. புலி நிற்கும் முனை, ஆடு நிற்கும் முனை, புலி போய் விழும் காலி முனை, இந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். உச்சியில் கோடுகள் கூடுகின்றன, எதுவும் அதைக் கடந்து அப்பால் போகவில்லை. இடது சரிவில் ஏறி வலது சரிவில் இறங்குவது வளைவு. ஆகவே உச்சியில் நிற்கும் ஆட்டை வெட்ட முடியாது. மூலைகளிலும் இதே கதைதான்.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், இந்த ஒரு விதியில்தான் ஆட்டுக்காரரின் உயிர் இருக்கிறது. நேர்கோட்டு விதியை வைத்துக்கொண்டு 23 முனையையும் எண்ணிப் பாருங்கள். எந்தப் புலியாலும் தொட முடியாத இடங்கள் சரியாக 7: உச்சி, செவ்வகத்தின் நான்கு மூலைகள், அடிக்கோட்டின் இரண்டு மூலைகள். விவரம் தெரிந்த ஆட்டுக்காரர் முதல் ஆடுகளை இந்த மூலைகளில்தான் இறக்குவார். வளைந்து தாண்டலாம் என்று விட்டுவிட்டால் ஏழும் போய்விடும், ஆட்டுக்கு ஒதுங்க ஓர் இடம் இருக்காது. பிறகு யார் ஆட்டுப் பக்கம் உட்காருவார்கள்?

இந்தப் பாதுகாப்பு ஆட்டுக்கு மட்டும்தான், புலிக்கு அதே மூலை பொறி. செவ்வகத்தின் மேல் மூலையில் நிற்கும் புலிக்கு இரண்டே வழி, இரண்டே தாண்டல். 4 ஆடு இருந்தால் அதை நகர விடாமல் கட்டிவிடலாம். உச்சியில் இருக்கும் புலியைக் கட்ட 8 ஆடு வேண்டும்: நான்கு கோட்டிலும் முதல் முனையில் ஒன்று, அதற்குப் பின்னால் முட்டுக்கொடுக்க ஒன்று. முட்டு இல்லாத ஆடு கடிபடும்.

பேரன் வெட்டிய ஆட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

புலி ஒரே மூச்சில் இரண்டு மூன்று ஆடுகளைத் தாண்டி வெட்டலாமா? வெட்ட வழியிருந்தால் கட்டாயம் வெட்டியே ஆக வேண்டுமா?
(சேத்துப்பட்டு வாசகர்)

இரண்டுக்கும் பதில் "இல்லை" என்பதே. செக்கர்ஸ் ஆடிப் பழகிய கை இது. அங்கேதான் தொடர்ந்து தாண்டலாம், வழியிருந்தால் தாண்டியே தீர வேண்டும். நம் புலி ஒரு முறைக்கு ஓர் ஆட்டோடு நிறுத்திக்கொள்ளும், பசியில்லையென்றால் விட்டுவிட்டு வேறு பக்கம் நடக்கும். ஒரு புலி இன்னொரு புலியைத் தாண்டாது. ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரண்டு ஆடுகளையும் சேர்த்துத் தாண்டாது.

பதினைந்து ஆட்டையும் இறக்கி முடிக்கும் முன்பே புலி வெட்டுகிறது. ஆனால் எங்கள் ஆட்டை நகர்த்த விடமாட்டேன் என்கிறார்கள். இது என்ன ஓரவஞ்சனை?
(வளத்தி வாசகர்)

ஓரவஞ்சனைதான், ஆனால் அதுதான் முறை. புலி முதல் நாளிலிருந்தே வேட்டையாடலாம். கையில் ஒரு புளியங்கொட்டை மிச்சம் இருக்கும்வரை ஆட்டுக்காரர் செய்யக்கூடியது அதை இறக்குவது மட்டும். பதினைந்தும் இறங்கிய பிறகே ஆடு நடக்கும். வெட்டுப்பட்ட ஆடு திரும்ப வராது.

உங்களுக்கு ஓர் ஆறுதல். ஒன்றுகூடப் பறிகொடுக்காமல் 15 ஆட்டையும் இறக்கிவிட்டால் கட்டத்தில் மிச்சமிருக்கும் காலி முனை 5 மட்டுமே. அந்த நேரத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பாருங்கள்.

சதுரங்கத்தில் குதிரையின் முகம் எதிரியைப் பார்த்துத்தான் இருக்க வேண்டுமா? பக்கவாட்டில் வைத்தேன் என்று என் நண்பன் ஆட்டையை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான். இன்னொன்று, கோட்டைக் கோபுரம் மாதிரி இருக்கும் காயை ஏன் யானை என்கிறோம்?
(பள்ளி மாணவர், மேல்மலையனூர்)

தம்பி, குதிரை எந்தப் பக்கம் பார்த்தாலும் அதன் பாய்ச்சல் ஒன்றுதான். நேராக இரண்டு கட்டம், பக்கவாட்டில் ஒன்று. நடுவில் யார் நின்றாலும் தாண்டிப் போகும். ஆட்டத்துக்கு நடுவில் அதைத் திருப்பி வைக்க ஆசைப்பட்டால் மட்டும் கவனம். உன் முறை வரும்போது, "சரிசெய்கிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டுத் தொட வேண்டும். சொல்லாமல் தொட்டால், தொட்ட காயை நகர்த்தியாக வேண்டும் என்பது சர்வதேச விதி. போட்டிகளில் இதையே பிரெஞ்சில் "ஜாதூப்" என்று முணுமுணுப்பார்கள். 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த 44-ஆவது செஸ் ஒலிம்பியாடின் சின்னம் நினைவிருக்கிறதா? குதிரைத் தலையோடு வேட்டி கட்டிக் கைகூப்பி நின்ற "தம்பி". அவர் எல்லோரையும் பார்த்துத்தான் கும்பிட்டார்.

சீனச் சதுரங்கத்தில் கதை வேறு. அங்கே குதிரை முதலில் வைக்க வேண்டிய அடியில் வேறு காய் நின்றால் அந்தப் பக்கம் போக முடியாது. காலை இடறிவிட்டது என்பார்கள்.

யானை விஷயம்: பழைய சதுரங்கப் படையில் இருந்தவை யானை, குதிரை, தேர், காலாள். காய்கள் ஐரோப்பாவுக்குப் போய் உருவம் மாறிக் கோபுரமாகத் திரும்பி வந்தன. நாம் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே யானை என்று கூப்பிட்டோம். புதிதாகக் கற்கும் பிள்ளைகள் இதில்தான் தடுமாறுகிறார்கள். ஆகவே பெயரையும் உருவத்தையும் விட்டுவிட்டு நடையைச் சொல்லிக்கொடு: நேர்க்கோட்டில் எவ்வளவு தூரமும்.

பள்ளிச் சுற்றுலாவில் செஞ்சிக் கோட்டைக்குப் போகிறோம். மேலே பாறையில் ஆடு புலிக் கட்டம் கீறி ஆடினால் பிள்ளைகளுக்கு நினைவாக இருக்குமே?
(ஓர் ஆசிரியர்)

வேண்டவே வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம், கீறுவது குற்றம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். பழைய வேட்டித் துணியில் மார்க்கரால் கட்டம் வரைந்து மடித்து எடுத்துப்போங்கள். பாக்கெட்டில் கொஞ்சம் புளியங்கொட்டை.

எத்தனை ஆடு செத்தால் புலி ஜெயித்ததாகக் கணக்கு? எங்கள் தெருவில் 5 என்கிறார்கள், பக்கத்துத் தெருவில் பதினைந்தும் சாக வேண்டும் என்கிறார்கள்.
(மீண்டும் அவலூர்பேட்டையிலிருந்து, வேறு வாசகர்)

இதில் தெருவுக்குத் தெரு சட்டம் மாறும், யாரையும் குறை சொல்ல முடியாது. நேபாளத்தின் பாக்சால் ஆட்டத்தில் 25 முனை, 4 புலி, 20 ஆடு. அங்கே 5 ஆடு போனால் புலிக்கு வெற்றி. உங்கள் தெருக்காரர் சொல்வது அதே எண்தான். ஆனால் அந்தக் கட்டம் சதுரம், நம்முடையது முக்கோணம், ஆடும் ஐந்து குறைவு. அங்கே சரியான எண் இங்கேயும் சரியாக இருக்க வேண்டியதில்லை.

நான் வேறு மாதிரி யோசிப்பேன். ஆட்டுக்காரருக்கு ஜெயிக்க வழி இருக்கும்வரை ஆட்டத்தை நிறுத்துவது நியாயமில்லை. அப்படியானால் மூன்று புலியையும் கட்ட எத்தனை ஆடு வேண்டும்? ஒரு புலிக்கு 4 என்று வைத்தால் 12 என்று தோன்றும். ஆனால் புலி புலியைத் தாண்டாது என்று மேலே சொன்னேனே, அதைப் பயன்படுத்திப் பாருங்கள். செவ்வகத்தின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக மூன்று முனை. மூன்றிலும் மூன்று புலி வந்து நின்றுவிட்டது என்று வையுங்கள். ஒன்றுக்கொன்று அவையே வழியை அடைத்துக்கொள்கின்றன. மிச்சம் இருப்பது ஒவ்வொன்றுக்கும் குறுக்குக் கோட்டில் ஒரே ஒரு வழி. மூன்று வரிசையிலும் புலியை ஒட்டி ஓர் ஆடு, அதன் முதுகில் முட்டுக்கு இன்னோர் ஆடு. ஆறே ஆடு, மூன்று புலியும் கட்டு!

நான் காய் வைத்துப் பார்த்ததில் இதுதான் மிகச் சிக்கனமான கட்டு. ஆகவே ஆறு ஆடு உயிரோடு இருக்கும்வரை ஆட்டுக்காரர் எழுந்திருக்க வேண்டாம். பத்தாவது ஆடும் செத்து, ஐந்து மட்டும் மிஞ்சினால் புலிக்குக் கை கொடுத்துவிடலாம். உங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும் இந்தப் பத்தில் ஒத்துப்போனால் எனக்கு ஒரு அஞ்சலட்டை போடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால், முதல் ஆட்டை இறக்கும் முன்பே எண்ணைப் பேசிக்கொண்டு உட்காருங்கள். பாதி ஆட்டத்தில் பேச ஆரம்பித்தால், எந்தப் பக்கம் தோற்றுக்கொண்டிருக்கிறதோ அந்தப் பக்கத்துக்குத்தான் பழைய விதி ஞாபகம் வரும்.