மீட்டர் காட்டும் 1,050: எதில், எவ்வளவு?

கேள்வி: குருசுக்குப்பத்தில் கடலை ஒட்டி இருக்கிறது எங்கள் வீடு. ஆர்.ஓ. மெஷின் விற்க வந்தவர் போர் தண்ணீரில் டி.டி.எஸ். மீட்டரை நனைத்து, “1,050, குடிக்கவே கூடாது” என்று பயமுறுத்திவிட்டுப் போனார். காய்ச்சினால் இது குறையுமா? பிளஸ் டூ படிக்கும் மகளோ, செறிவு என்றால் மோலாரிட்டிதான் என்கிறாள். எது சரி?
– வாசகி, புதுச்சேரி

பதில்: அவர் சொன்ன 1,050 என்பது ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் மில்லிகிராம். அதாவது ஒரு கிராமுக்குச் சற்று மேல். 15 லிட்டர் குடத்தில் இரண்டரை தேக்கரண்டி உப்பைக் கரைத்தால் கிட்டத்தட்ட இந்த அளவு வரும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ, அதாவது பத்து லட்சம் மில்லிகிராம். அதனால்தான் இதையே பத்து லட்சத்தில் இத்தனை பங்கு, பிபிஎம், என்றும் சொல்கிறோம்.

இந்தியத் தர அமைவனத்தின் கணக்கில் குடிநீருக்கு 500 வரை நல்லது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில்.

ஆனால் அந்த மீட்டர் எதையும் எடை போடுவதில்லை. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதை மில்லிகிராமாக மாற்றிச் சொல்கிறது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சர்க்கரையைக் கரைத்து மீட்டரை வையுங்கள். எண் ஏறவே ஏறாது. ஒரு சிட்டிகை உப்பு போட்டால் துள்ளி ஏறும். உப்பு அயனிகளாகப் பிரிகிறது, சர்க்கரை பிரிவதில்லை. ஆகவே கிருமியோ பூச்சிமருந்தோ கலந்திருந்தாலும் இந்த எண் அதைக் காட்டிக்கொடுக்காது.

காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டுமானால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். கரிக்கும் ரசத்தைச் சுண்ட வைத்தால் இன்னும் கரிக்குமே, அதே கதைதான்.

உங்கள் மகள் சொல்வதும் சரி. மில்லிகிராம் எடையைச் சொல்கிறது. மோலாரிட்டி, ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்று எண்ணிக்கையைச் சொல்கிறது. சாதா உப்பில் ஒரு மோல் 58.5 கிராம். உங்கள் தண்ணீரில் இருப்பது முழுவதும் சாதா உப்பு என்றே வைத்துக்கொண்டால், 1.05-ஐ 58.5-ஆல் வகுக்க, 0.018 மோலார். வேதிவினை தலைக்குத் தலை நடப்பதால் ஆய்வகத்துக்கு இந்தக் கணக்குதான் வசதி. குளோரைடை அளக்க, தண்ணீரில் சில சொட்டு பொட்டாசியம் குரோமேட் விட்டு, பியூரெட்டிலிருந்து சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். ஒவ்வொரு வெள்ளி அயனியும் ஒரு குளோரைடைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகப் படியும். குளோரைடு தீர்ந்ததும் மஞ்சள் நிறம் செங்கல் நிறத்துக்குத் திரும்பும். எத்தனை மில்லிலிட்டர் செலவானது என்பதே விடை. பியூரெட், பிப்பெட் இரண்டும் பிரெஞ்சுச் சொற்கள். 1824-இல் கே-லுசாக் எழுதிய கட்டுரையிலிருந்து புழக்கத்துக்கு வந்தவை. உங்கள் ஊருக்கு அந்நியமில்லை!

குளோரைடை நான் வலியுறுத்தக் காரணம் கடல். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீர் ஒரு லிட்டர், உப்பே இல்லாத 34 லிட்டரில் கலந்தால் போதும், மீட்டர் 1,000-ஐத் தொடும். கடலோரத்தில் நிலத்தடி நீரை மிஞ்சி இறைத்தால் அப்படித்தான் உள்ளே ஏறும். ஆகவே மெஷின் வாங்கும் முன் ஆய்வகத்தில் ஒரு முறை குளோரைடும் கிருமியும் பாருங்கள். பிறகு சித்திரையில் ஒரு முறை, ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு ஒரு முறை மீட்டர் எண்ணை காலண்டரில் குறித்து வையுங்கள். மழைக்குப் பிறகும் எண் இறங்காமல் ஆண்டுக்கு ஆண்டு ஏறினால், கவலைப்பட வேண்டியது உங்கள் குடத்தைப் பற்றி மட்டுமல்ல, தெரு முழுக்க ஓடும் மோட்டார்களைப் பற்றி.