மற்றப் படவும் வந்தது

வேதபாடம்: லூக்கா 5:1-11

நம்முடைய வேதாகமம் கெனேசரேத்துக் கடல் என்று சொன்னாலும், இது நல்ல தண்ணீர் ஏரிதான். நீளம் ஏறக்குறைய 21 கிலோமீட்டர். 1986-ல் தண்ணீர் வற்றினபோது அந்தக் காலத்துப் படவு ஒன்று சேற்றுக்குள் கிடைத்தது. எட்டு மீட்டருக்குச் சற்று அதிக நீளம், அகலம் இரண்டேகால் மீட்டர். அவ்வளவுதான் படவு!

அதில் இவ்வளவு மீன் ஏறினால் என்ன ஆகும்? பிரசங்கங்களில் நாம் மீனையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். 7-ம் வசனத்தைக் கவனியுங்கள். ஆசீர்வாதம் வந்த இடத்திலேயே ஆபத்தும் வந்தது. பேதுருவின் ஆட்கள் சத்தம் போடவில்லை, சைகைதான் காட்டினார்கள். கூட்டாளிகளும் ராமுழுக்கப் பாடுபட்டவர்கள், வலையை அலசினவர்கள். "மீன் உனக்கு, கஷ்டம் எங்களுக்கா?"ன்னு கேட்டிருக்கலாம். கேட்காமல் வந்தார்கள். வந்ததினாலே அவர்கள் படவும் முங்கப் பார்த்தது! இதை நாம் சாதாரணமாய் வாசித்துவிட்டுப் போகிறோம்.

சபையிலும் சைகைதான் காட்டுவார்கள். மூணு வாரமா உபவாச ஜெபத்துக்கு வராத அக்கா, பாட்டு நேரத்தில் வாய் திறக்காத தம்பி. "ஜெபிக்கிறேன் பிரதர்"ன்னு கைகொடுத்துவிட்டுப் போவது சுலபம். வட்டிக்காரன் வாசலில் நிற்கிற வீட்டுக்குள்ளே போய் உட்காருவது அப்படியல்ல, நம்ம பையிலும் கை வைக்கும்.

இந்த வாரம் வீட்டு ஜெபக்கூட்டங்களில் 7, 10 வசனங்களைச் சேர்த்து வாசியுங்கள். வராதவர்கள் சம்மதித்தால், கூட்டத்தை அவர்கள் வீட்டிலேயே வையுங்கள். டீ, பிஸ்கட்டை நாமே கொண்டுபோவோம்.