விசிட்டிங் கார்டு: வாடிக்கையாளர் கையில் எடுக்கும் முதல் வேலை

தனியாகத் தொழில் செய்யும் டிசைனர் கார்டை நீட்டினால், வாங்குபவர் தொலைபேசி எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. எழுத்து நேராக நிற்கிறதா, ஓரம் ஒழுங்காக வெட்டப்பட்டிருக்கிறதா என்று அவர் கண் தானாகத் தேடும். நாளை அவருடைய கடைப் பலகையோ கல்யாணப் பத்திரிகையோ எப்படி வரும் என்பதற்கு அந்த அட்டைதான் அத்தாட்சி. ஆகவே கற்பனையைவிடக் கவனத்தைக் காட்டுங்கள்.

பெயர், செய்யும் வேலை, கைபேசி எண், மின்னஞ்சல், உங்கள் வேலைகளைப் பார்க்க ஓர் இணைய முகவரி. இவ்வளவு போதும். ‘கிரியேட்டிவ் டிசைனர்’ என்று போட்டால் உங்களை எதற்குக் கூப்பிடுவது என்றே தெரியாது. ‘புத்தக அட்டை, உள்பக்க வடிவமைப்பு’ என்று போட்டால் பதிப்பகத்தார் எடுத்து வைத்துக்கொள்வார். லோகோ, பேனர், வீடியோ, டீ-ஷர்ட் என்று எல்லாவற்றையும் அடுக்கினால் எதிலும் கைதேர்ந்தவர் இல்லை என்றுதான் படும். பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கட்டும். ஜிபேயில் முன்பணம் அனுப்புகிறவர் வேறு பெயரைப் பார்த்தால் தயங்குவார்.

இனி தமிழ். பல டிசைனர்கள் சறுக்குவது இங்கேதான். நீங்கள் தனித்துத் தெரியக்கூடிய இடமும் இதுதான். ஆங்கிலப் பக்கத்தை அழகாகச் செய்துவிட்டு, அதே அளவில் தமிழைக் கொட்டுகிறார்கள். ஆங்கிலத்தை 7 புள்ளியில் வாசித்துவிடலாம். ணை, ஞ, ஜூ போன்ற எழுத்துகளின் சுழிகள் அந்த அளவில் மையால் அடைபட்டுப்போகும். தமிழுக்கு 8.5 அல்லது 9 கொடுங்கள். மேலே விசிறியும் கீழே வாலும் முட்டாதபடி வரி இடைவெளியையும் கூட்டுங்கள். கறுப்புப் பின்னணியில் சிறிய வெள்ளை எழுத்து வேண்டவே வேண்டாம். சுற்றியுள்ள மை பரவிப் புள்ளியை விழுங்கிவிடும். குமார் ‘குமார’ ஆகிவிடுவார். வெள்ளைத் தாளில் சிறிய எழுத்தை அச்சிடும்போதும் தனிக் கறுப்பு மை மட்டும் போதும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பு ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்து மங்கிப்போகும்.

கூகுள் ஃபான்ட்ஸில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை இலவசமாகவே கிடைக்கின்றன, தொழிலுக்கும் பயன்படுத்தலாம். மூன்றிலும் தமிழோடு ஆங்கில எழுத்தும் உண்டு என்பதால் இரண்டு மொழியும் ஒரே தடிமனில் பொருந்தும். இன்டிசைனில் ‘வேர்ல்டு-ரெடி கம்போசர்’ தேர்வாகி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கொம்பு இடம் மாறக்கூடும். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பில் எழுத்துகளைக் கர்வ் ஆக மாற்றிவிடுங்கள். அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இருக்கும் என்று நம்பிக் கொடுக்காதீர்கள்.

அளவு பெரும்பாலும் 90 × 54 மி.மீ. அல்லது மூன்றரைக்கு இரண்டு அங்குலம். வேலை தொடங்கும் முன் அச்சகத்தில் கேட்டுவிடுங்கள். நான்கு பக்கமும் 3 மி.மீ. பிளீட் விடுங்கள், எழுத்து எதுவும் ஓரத்திலிருந்து 4 மி.மீ.க்குள் வரக் கூடாது. படம் இருந்தால் 300 டிபிஐ.

மல்டிகலர் கார்டு ஆயிரம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், ஒரே பெரிய தாளில் பலருடைய கார்டுகளைச் சேர்த்து ஓட்டுவதுதான். பக்கத்துக் கார்டுக்கு மை கூடினால் உங்கள் நிறமும் நகரும். வெளிர் சாம்பல், பழுப்பு போன்ற நுட்பமான நிறங்களை அட்டை முழுக்கப் பூசி அங்கே கொடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

தாள் 300 முதல் 350 ஜிஎஸ்எம். மேட் லேமினேஷன் கைக்கு இதமாக இருக்கும். ஆனால் அதன்மேல் பேனா சரியாக எழுதாது. சந்திப்புத் தேதியையோ விலையையோ குறித்துக்கொள்வது நம் ஊர்ப் பழக்கம். ஒரு பக்கத்தையாவது லேமினேஷன் இல்லாமல் விட்டுவிடுவது என் விருப்பம்.

க்யூஆர் கோடு வைப்பதானால் 2 செ.மீ.க்குக் குறையாமல், வெளிர் பின்னணியில் அடர் நிறமாக, சுற்றிலும் வெற்றிடம் விட்டு வையுங்கள். நம் கடைத்தெருவில் க்யூஆர் என்றாலே பணம் அனுப்பத்தான் என்று நினைப்பார்கள். ‘என் வேலைகளைப் பார்க்க’ என்று கீழே எழுதுங்கள். காலாவதியாகும் இலவசச் சேவைகளில் கோடு உருவாக்காமல் உங்கள் சொந்த இணைய முகவரியையே அதில் பதியுங்கள்.

கோப்பு முடிந்ததும் நூறு சதவீத அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, வெட்டி, வீட்டில் வயதானவர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுங்கள். அதில் உள்ள எண்ணைப் பார்த்து அழையுங்கள், க்யூஆர் கோடை வேறொருவர் கைபேசியில் ஸ்கேன் செய்யுங்கள். முதலில் டிஜிட்டலில் நூறு மட்டும் போடுங்கள். ஒரு மாதம் கொடுத்துப் பார்த்து, என்ன கேள்வி திரும்பத் திரும்ப வருகிறதோ அதற்கான விடையையும் சேர்த்த பிறகு ஆப்செட்டில் ஆயிரம் ஓட்டலாம்.